தூணில் நின்ற துளைப்பொறி

சிங்காநல்லூரில் மூடிக்கிடந்த ஒரு பட்டறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பழைய இரும்பெல்லாம் லாரியில் ஏறியாயிற்று. மிச்சம் ஒன்றுதான்: மரத்தூணில் அறைந்திருந்த, கையால் சுற்றும் துளைப்பொறி. நூறு வயதுக்குக் குறையாது. அது காட்சிக்கூடத்துக்கா, லாரியோடு உலைக்கா என்று சடையப்பன் எழுதித் தர வேண்டும். உலைக்குப் போனால் போனதுதான்.

சடையப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் கடைசல் பட்டறையில் லேத்தில் நின்றவர். இப்போது பழைய இயந்திரங்களை மதிப்பிடும் வேலையைப் பொற்செல்வியிடம் கற்றுக்கொண்டிருந்தார். ஆசிரியை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இன்றைய கையெழுத்து உங்களுடையது என்று காலையிலேயே சொல்லிவிட்டு, கவிழ்த்துப் போட்ட டின் ஒன்றில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார்.

சடையப்பன் மூன்றாவது தடவையாகப் பல்சக்கரங்களைத் தடவிப் பார்த்தார். ஒரு பல்லின் முனை மட்டும் உடைந்திருந்தது. மற்றதெல்லாம் திடமாக இருந்தது. முதல் தடவை பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது.

லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவன்கூட இவ்வளவு நேரம் பார்க்கமாட்டான் என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடம் கெடு வைத்துப் போனார்.

சடையப்பன் துணியில் கையைத் துடைத்தார்.

"டீச்சர், பார்த்தது போதும்னு எப்படித் தெரியும்?"

பொற்செல்வி எழுந்து போய் ஒரு பட்டை இரும்பைத் தேடி எடுத்தார். பொறியின் தட்டில் இரண்டு சிறு இரும்புத் துண்டுகளை வைத்து, அவற்றின்மேல் பட்டையைப் பிணைத்தார். பட்டைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. துளைபோடும் பிட்டைப் பொறியில் மாட்டி முடுக்கினார்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சுத்துங்கண்ணா. துளை விழுந்ததும் நிறுத்திடுங்க."

லேத்துக்காரனிடம் கண்ணாமூச்சியா என்று சிரித்துக்கொண்டே சடையப்பன் கைப்பிடியைப் பிடித்தார்.

பொறி நன்றாகச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் மேலே ஒரு நெம்பு 'டக்'கென்று ஒரு பல்லைத் தள்ள, பிட் தானாகவே மயிரிழை இறங்கியது. கைப்பிடி கனத்தது. தோள் வலித்தது. பிறகு ஒரு வெட்டு இழுத்தது. அடுத்த சுற்றில் கை லேசாகிவிட்டது.

விழுந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் விளிம்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால்? இன்னும் ஒரு சுற்று. எதற்கும் இன்னும் இரண்டு. ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லையே, அதனால் இன்னும் நான்கு. டக், டக் என்று நெம்பு தன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது.

கரகரவென்று வேறொரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார். பிட் பட்டையைத் தாண்டி வந்து, பொறியின் தட்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

"கை சொல்லலையா?" என்றார் பொற்செல்வி.

"சொல்லுச்சுங்க."

"எப்போ?"

"லேசானப்பவே சொல்லுச்சு. நான்தான் நம்பலை."

பொற்செல்வி பட்டையை அவிழ்த்து எடுத்தார். துளை வட்டமாக, சுத்தமாக இருந்தது. தட்டில் புதுக்குழி பளபளத்தது. அதைச் சுற்றித் துருவேறிய பழைய குழிகள் பதினொன்று. சடையப்பன் தன் நோட்டைப் பார்த்தார். காலையில் அவரே எழுதியிருந்தார்: 'தட்டில் பதினொரு குழிகள். காரணம் தெரியவில்லை.'

வெளியே லாரி உறுமியது.

சடையப்பன் நிமிர்ந்து, காட்சிக்கூடத்துக்கு என்று எழுதி, முழுப்பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டார். லாரிக்காரர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, அப்பாடா என்று ஏறிக்கொண்டார். துளைப்பொறி இல்லாமலே லாரி வாசலைத் தாண்டியது.

சடையப்பன் பேனாவை மூடாமல் நின்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, தாம் போட்ட பன்னிரண்டாவது குழியையும் நோட்டில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார்.

பொற்செல்வி பிட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"சேர்த்துடுங்கண்ணா. 'காரணம் தெரியவில்லை'ங்கிறதை மட்டும் அடிச்சிடுங்க."