குபேரனுக்கு இருநூற்று முப்பது வோல்ட்

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜனவரி மாதம் குளிர் என்றால் எந்தப் பத்திரிகையும் அதை அச்சடிக்காது. அந்தக் குளிரில் ஒரு மீனைக் காப்பாற்ற மூன்று தமிழ்ப் பொறியாளர்கள் களமிறங்கினார்கள் என்றால் முதல் பக்கத்திலேயே இடம் உண்டு.

ஏகாம்பரம், பால்துரை, தனுஷ்கோடி. ஒரே கம்பெனி, ஒரே வாடகை வீடு, மூவருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஆகாதவர்கள் சொல்வார்கள். அது அபாண்டம். தனுஷ்கோடி மின்பொறியியலில் முதல் வகுப்பு.

மீன், மேனேஜர் சாரநாதனுடையது. நெற்றியில் எலுமிச்சம்பழம் போலப் புடைத்த வாஸ்து மீன். பெயர் குபேரன். மூன்று வார விடுப்பில் கோயம்புத்தூர் கிளம்பியவர், தொட்டியோடு அதை இவர்கள் வீட்டில் இறக்கினார்.

“ஹீட்டரும் ஏர் பம்பும் புதுசுப்பா. என் மச்சான் கொளத்தூர்ல வாங்கிட்டு வந்தது. நம்ம ஊர் சாமான். இங்க வேற வாங்கிப் போட்டுடாதீங்க, வாஸ்து கெட்டுடும். அட்டையில என்ன போட்டிருக்கோ, அப்படியே செய்யுங்க. திரும்பி வரும்போது குபேரன் உயிரோட இருந்தா உங்க மூணு பேருக்கும் கான்ட்ராக்ட் நீட்டிப்பு. இல்லேன்னா ஊருக்கு டிக்கெட்.”

அட்டையில் முதல் வரி: ‘ஹீட்டர் முழுவதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும்.’ மூழ்கடித்தார்கள். கண்ணாடிக் குழாய், ஒயர், பிளக் எல்லாவற்றையும். குபேரன் பிளக்கை இரண்டு முறை முட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருந்தது.

“முழுசாத்தானடா முக்கினோம்?” என்றான் ஏகாம்பரம்.

“கரண்ட் குடுக்க வேணாமா?” என்றான் பால்துரை.

“அப்படின்னு எங்க போட்டிருக்கு?”

அட்டையின் மறுபக்கத்தில் போட்டிருந்தது: 230 வோல்ட். பிளக்கை எடுத்துக் காயவைத்துச் சுவருக்குக் கொண்டுபோனார்கள். பிளக்குக்கு மூன்று உருண்டைக் கால்கள். சுவரிலோ இரண்டு கீறல், ஒரு பொத்தல். கால்களை அரத்தால் ராவித் தட்டையாக்கலாம் என்று முதல் வகுப்பு யோசனை சொன்னது. அந்த ஊரில் ராத்தல் கணக்கில் பனிதான் கிடைத்தது, அரம் கிடைக்கவில்லை. கடைக்காரர் ஓர் அடாப்டரைக் கொடுத்து, “இது பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது” என்றார். நல்ல மனிதர். எச்சரித்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள்.

பிளக் பொருந்தியது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு, ஏகாதசி விரதம் இருப்பதுபோல மினுங்கியது. ஏர் பம்ப் யோசித்து யோசித்து ஒரு குமிழி விட்டது. தண்ணீர் சூடாகவில்லை. குபேரன் நிறம் வெளுத்து, ஒரு மூலையில் படுத்துவிட்டது.

தனுஷ்கோடி மீட்டர் வைத்துப் பார்த்தான். நூற்று இருபது.

“லோ வோல்டேஜ்!” என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள். நோய் தெரிந்தது, மருந்தும் கைவசம் இருந்தது. நம் ஊரில் மே மாதம் வோல்டேஜ் இறங்கினால் யார் காரணம்? பக்கத்து வீட்டு ஏசி.

வெளியே மைனஸ் இருபது. மூவரும் அந்தக் கட்டடத்தின் பன்னிரண்டு வீட்டுக் கதவுகளையும் தட்டினார்கள். “எங்கள் மீனுக்குக் குளிருகிறது. தயவுசெய்து நீங்கள் எல்லாரும் அரை மணி நேரம் ஹீட்டரை அணைத்து வையுங்கள்.” அமெரிக்கர்கள் பிராணிகளிடம் இரக்கம் உள்ளவர்கள். அணைத்தார்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு நடைபாதையில் கூடி நின்று, மீனுக்காக நடுங்கினார்கள்.

மீட்டர் நூற்று இருபத்தொன்று காட்டியது.

“ஒண்ணு ஏறிடுச்சு!” என்று குதித்தான் பால்துரை.

ஏகாம்பரம் காகிதம் எடுத்தான். “பன்னெண்டு வீட்டுக்கு ஒண்ணு. இன்னும் நூத்தி ஒம்பது வேணும். ஆயிரத்து முந்நூத்தி எட்டு வீடு.”

“அடுத்த தெருவுல ஆரம்பிப்போம். சீக்கிரம் ஷூவைப் போடு.”

அடுத்த தெரு தப்பியது. நடுங்கியவர்களில் ஒரு நர்ஸ், மின்சாரக் கம்பெனிக்குப் போன் செய்திருந்தார். வந்த ஆள் மீட்டரைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். மூவரையும் சற்று அதிக நேரம் பார்த்தார்.

“இந்த நாட்டில் இவ்வளவுதான் வரும். இந்தக் கட்டடத்தில் இருநூற்று நாற்பது வேண்டுமானால், கீழே துணி உலர்த்துகிற டிரையருக்குத்தான் வருகிறது.”

அவர் விளக்கம்தான் சொன்னார். இவர்கள் அதை விலாசமாக எடுத்துக்கொண்டார்கள்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு ஓடினார்கள். டிரையரின் சாக்கெட்டுக்கு அடாப்டர் எந்தக் கடையிலும் இல்லை. நல்லவேளை. கட்டடம் இன்னும் நிற்கிறது.

“கரண்ட் உள்ள இருக்கு. மேல வச்சா ஏறாதா?” என்றான் தனுஷ்கோடி.

டிரையரின் தலையில் தொட்டியை ஏற்றி, ஓடவிட்டார்கள். தகரம் சூடாகி, தண்ணீர் இதமானது. இயந்திரத்தின் ஆட்டத்தில் தொட்டிக்குள் அலை எழும்பியது. குபேரன் எழுந்து வாலை ஆட்டியது. புடைப்பில் சிவப்பு ஏறியது.

டிரையரின் முன்கதவிலும் ஒரு வாசகம் இருந்தது: ‘துணி இல்லாமல் ஓட்டக் கூடாது. ஈரத்துணி மட்டும் போடவும்.’

எழுதியிருப்பதை மீறுகிற வழக்கம் இவர்களுக்கு இல்லை. முதலில் சட்டைகள். காய்ந்ததும் வாளித் தண்ணீரில் முக்கி மறுபடி போட்டார்கள். பிறகு வேட்டி, போர்வை, திரைச்சீலை. எட்டு மணி நேரத்துக்கு ஒருவராக முறை வைத்து, அலுவலகத்துக்கு மருத்துவ விடுப்பும் எழுதிக் கொடுத்தார்கள். காரணம்: நீர்க்கோவை. பதினெட்டு நாளில் ஏகாம்பரத்தின் சட்டைகள் அவன் சுண்டுவிரலுக்கு அளவாகச் சுருங்கின.

இருபத்தொன்றாம் நாள் சாரநாதன் பெட்டியோடு கீழ்த்தளத்தில் நுழைந்தார். துண்டு கட்டிய மூன்று பொறியாளர்கள், நன்றாகக் காய்ந்த ஒரு போர்வையின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“என்னப்பா இது கோலம்?”

“குபேரன் குளிர் காயுது சார்.”

மேனேஜர் தொட்டிக்குள் விரல் விட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு. குபேரன் விரலைக் கடித்தது. அவர் கண் கலங்கி, அங்கேயே மூவருக்கும் கான்ட்ராக்ட் நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டார். காகிதம் கொஞ்சம் நனைந்தது.

“உங்களுக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்” என்று பெட்டியைத் திறந்தார். புத்தம் புது வெட் கிரைண்டர். “நம்ம ஊர் சாமான்! இனிமே இங்கயும் இட்லிதான்.”

தனுஷ்கோடி அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் படித்தான். முகம் வாடியது.

“இதுவும் இருநூத்தி முப்பது சார். டிரையர் மேலதான் வைக்கணும். அங்க மீன் இருக்கே?”

சாரநாதன் நெற்றியைத் தேய்த்து யோசித்தார். அவர் சும்மா மேனேஜர் ஆகிவிடவில்லை.

“மீனை ஏம்ப்பா இறக்கணும்? டிரையர் சுத்துதில்ல? உள்ள ஈரமாத்தான் போடணும்னு எழுதியிருக்கில்ல? உளுந்தை ஊறவச்சு உள்ள கொட்டுங்க. துணி நனைக்கிற வேலையும் மிச்சம்.”

மூவரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மறுநாள் மூன்று கிலோ உளுந்து ஊறி வந்தது. ‘பருத்தி’, ‘கம்பளி’ என்று எழுதியிருந்த டிரையரின் திருகைப் பிடித்துக்கொண்டு பால்துரை திகைத்து நின்றான்.

“சார், உளுந்தைப் பருத்தியில வைக்கவா, கம்பளியில வைக்கவா?”

“பருத்தி,” என்றார் சாரநாதன். “தோல் எடுத்த உளுந்துதானே, கம்பளி ஏது?”