கட் சொல்ல ஆளில்லாத ஷாட்

“நான் செத்த பொறவு கட் சொல்ல யாரு இருக்கா, ஆசானே?”

கேட்டவர் வெயிலுமுத்து. வயது ஐம்பத்தொன்று. தூத்துக்குடியில் உப்பு லாரிகளுக்கு எடை போடும் எடைமேடையில் வேலை. தனியாள். ஒற்றை அறை வீடு.

ஆசான் என்று அவர் கூப்பிட்டது ஜெபமலரை. வயது இருபத்தேழு. கல்யாணம், சடங்கு, சாவு, எதற்குக் கூப்பிட்டாலும் போய் வீடியோ எடுப்பாள். எடுத்ததைத் தன் சின்னக் கடையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கொடுப்பாள். இரண்டு மாதமாக அவர் சாயங்காலம் தோறும் அவளிடம் எடிட்டிங் படிக்க வருகிறார். முதல் நாள் கேலியாகத்தான் ஆசானே என்றார். ஒரு வாரத்தில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஜெபமலர் கம்ப்யூட்டரில் ஒரு சடங்கு வீட்டு வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“செத்தவருக்கு எதுக்கு அண்ணாச்சி கட்டு?”

அவர் ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு குறும்படப் போட்டி. தொழிலாக எடுக்கிறவர்களுக்கு இல்லை, ஆசைக்கு எடுக்கிறவர்களுக்கு. அதில் ‘ஒற்றை ஆள்’ என்று ஒரு பிரிவு. எழுத்து, நடிப்பு, கேமரா, எடிட்டிங் எல்லாம் ஒரே ஆள். இன்னொரு கை பட்டது தெரிந்தால் படம் வெளியே.

அதனால் அவருடைய படம் திரையில் ஓடும்போதெல்லாம் ஜெபமலர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள். வாய் மட்டும்தான் பேசும்.

பதினொரு ஷாட். பத்து முடிந்துவிட்டது.

கதை சின்னது. தனியாக இருக்கும் ஒருவன் மத்தியானம் சாப்பிடுகிறான். கதவைப் பூட்டிப் படுக்கிறான். எழுந்திருக்கவில்லை.

பதினோராவது ஷாட்டில் முகம் மட்டும். உயிரோடு படுக்க வேண்டும், செத்து முடிக்க வேண்டும். நடுவில் வெட்டு கிடையாது.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அன்று புதன்.

*

வியாழன் சாயங்காலம்.

“என்ன அண்ணாச்சி, செத்தியளா?”

“செத்துட்டேன்.”

“போடுங்க பாப்போம்.”

போட்டார். திரையில் வெயிலுமுத்துவின் முகம். கண் மூடியது. ஏழாவது விநாடியில் திறந்தது. கேமராவைப் பார்த்து ஈயென்று இளித்தது.

“என்னது இது?”

“சினிமாவுல பிணமா நடிச்சவங்க ஷாட்டு முடிஞ்சதும் கேமராவப் பாத்து சிரிக்கணும். இல்லன்னா ஆகாது. அங்க சொல்லுறதுக்கு ஆளு இருக்கு. இங்க நானே நெனவு வச்சு...”

“மொதல்ல சாவுங்க. பொறவு சிரிங்க.”

அடுத்ததைப் போட்டார். இதில் சிரிப்பு இல்லை. ஆனால் கன்னத்தில் ஒரு வெளிச்சக் கோடு.

“அது என்ன?”

“வெயிலு. கதவு கொஞ்சம் தொறந்திருந்துச்சு.”

“கதையில கதவு பூட்டித்தான கெடக்கு?”

“ஆமா.”

“பொறவு ஏன் தொறந்து வச்சிய?”

வெயிலுமுத்து சட்டைப் பொத்தானைத் திருகினார்.

“நெசமாவே ஏதாவது ஆகிப்போச்சுன்னா, ஆளு உள்ள வரணும்லா.”

ஜெபமலர் அந்த வெளிச்சக் கோட்டை இன்னொரு தடவை பார்த்தாள்.

“நாளைக்குப் பூட்டுங்க” என்றாள்.

*

வெள்ளிக்கிழமை அவர் பூட்டினார்.

சத்தம் பதியுமே என்று ஃபேனை நிறுத்தினார். ஸ்டூல் மேல் அரிசி டப்பா. டப்பாவில் சாய்த்த ஃபோன். பாயில் மல்லாந்து கண்ணை மூடினார்.

முதலில் தன் மூச்சு கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

பிறகு கதவைத் தட்டினார்கள்.

எழுந்து ஓடித் தாழ்ப்பாளை எடுத்தார். வாசலில் யாரும் இல்லை. தெரு முழுக்க வெயில் மட்டும் நின்றது.

மறுபடி படுத்தார். மறுபடி தட்டினார்கள். இந்தத் தடவை மெதுவாக. அவர் உள்ளே இருப்பது தெரிந்த மாதிரி.

சாயங்காலம் கடையில் அதை ஓட்டிக் காட்டினார்.

“இந்தா, இந்த எடத்துலதான். கேளுங்க.”

ஒன்றும் கேட்கவில்லை.

“சத்தத்தக் கூட்டுங்க” என்றாள்.

முழுக்கக் கூட்டினார். தூரத்தில் லாரி ஹாரன் கேட்டது. எங்கேயோ குக்கர் விசில் கேட்டது. கதவு தட்டுவது மட்டும் இல்லை.



“ரெண்டு காதால கேட்டேன், ஆசானே. ஃபோனுக்குக் கேக்கலன்னா, தட்டுனது யாரு?”

ஜெபமலரின் கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. தாடையை மட்டும் நீட்டினாள். அவருடைய நெஞ்சைக் காட்டினாள்.

அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அங்கே தட்டிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் வாய் திறந்தார்.

“எங்க அப்பா ராத்திரி சாப்பிட்டுட்டுப் படுத்தாரு. காலையில எந்திரிக்கல. அம்பத்திரண்டு வயசு. அண்ணனும் அப்படித்தான் படுத்தான். அவனுக்கும் அம்பத்திரண்டு. வார தை மாசத்துல எனக்கும் அம்பத்திரண்டு.”

“ம்.”

“அண்ணன் போனதுல இருந்து இந்த ஷாட்டு வரைக்கும் நான் படுக்கவே இல்ல.”

“படுக்கலன்னா?”

“நாற்காலியிலதான் தூங்குதேன். ஒண்ணர வருசமாச்சு. படுத்தாத்தான அது வருது? அத நானே படமா எடுத்துட்டேன்னா பொறவு என்னத் தேடி வராதுன்னு நெனச்சேன்.”

ஜெபமலர் சிரிக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

“நாளைக்கும் பூட்டுங்க” என்றாள்.

*

சனிக்கிழமை கொண்டு வந்ததில் அவர் உதடு ஆடியது.

“என்ன செய்யுதிய?”

“அறுபது வரைக்கும் எண்ணிட்டு எந்திரிச்சிரலாம்னு.”

“பிணம் வாய்ப்பாடு சொல்லுது.”

முப்பத்திரண்டாவது விநாடியில் மூக்கு சுருங்கியது.

“இது?”

“எறும்பு.”

“நான் எத்தனையோ சாவு வீடியோ எடுத்திருக்கேன் அண்ணாச்சி. ஒரு பிணமும் எறும்புக்கு மூக்கச் சுருக்கல.”

வெயிலுமுத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மரியாதை விட்டுப்போனது.

“ஏம்மா, உனக்கு இருபத்தேழு வயசு. உனக்கு எல்லாம் வெளையாட்டு. அந்த எறும்பு மேல ஏறும்போது எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இவன் முடிஞ்சிட்டான்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சோன்னு இருந்துச்சு. வேண்டாம். போட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

வாசல் வரை போய்விட்டார்.

“அண்ணாச்சி. ஒண்ணு கேக்கட்டுமா?”

நின்றார்.

“அது எந்தப் பக்கமா வரும்?”

“எது?”

“ஒண்ணர வருசமா எதுக்குப் பயந்து உக்காந்திருக்கியளோ, அது. கால் பக்கமா, தலமாட்டுப் பக்கமா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாமலா கேமரா வச்சிய?”

அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு நடிக்காதிய. எண்ணாதிய. ஃபோன ஆன் பண்ணிட்டு, அது எந்தப் பக்கமா வருதுன்னு மட்டும் பாத்துக்கிட்டுக் கெடங்க. வந்ததும் என்கிட்ட வந்து சொல்லுங்க.”

“அது வந்துட்டா நான் எங்க வந்து சொல்ல?”

“அப்ப ஃபோன் சொல்லும்” என்றாள்.

*

ஞாயிறு மத்தியானம். தாழ்ப்பாள் போட்டார். படுத்தார்.

கால் பக்கம் பார்த்தார். கண்ணை மூடியபடியேதான். கட்டைவிரல் சில்லென்று இருந்தது. இதுவோ என்று பார்த்தார். அதற்கு மேல் ஏறவில்லை.

கதவு தட்டும் சத்தம். நெஞ்சுதான் என்று தெரிந்தும் பயமாக இருந்தது. பயம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார். தொண்டையில் இருந்தது. போய்ப் பார்ப்பதற்குள் வயிற்றில் இருந்தது.

எறும்பு வந்தது. தாடை, கன்னம், இமையோரம். சுருக்கவில்லை. எறும்போடு சேர்ந்து வேறு ஏதும் வருகிறதா என்று பார்த்தார்.

வரவில்லை.

காத்திருந்தார்.

*

கடையில் ஜெபமலரும் காத்திருந்தாள்.

இரண்டு மணிக்கு வருவேன் என்றவர் மூன்றாகியும் வரவில்லை. அவள் சடங்கு வீட்டு வீடியோவைத் திறந்தாள். வயசுக்கு வந்த பெண்பிள்ளை தலையில் பூவோடு உட்கார்ந்திருந்தது. எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை.

மூன்றரை.

ஃபோனை எடுத்தாள். கூப்பிட்டால் ஷாட் கெட்டுப்போகும். அவரை எழுப்பினால் அது இன்னொரு கை. வைத்துவிட்டாள்.

நாலு.

கதவைப் பூட்டச் சொன்னது யார் என்று தோன்றியது.  கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டாள்.

நாலே முக்கால். ஷட்டரைப் பாதி இழுத்தாள். ஸ்கூட்டர் சாவியைத் துவாரத்தில் செருக மூன்று தடவை ஆனது.

தெரு முனையில் ஒரு சைக்கிள் திரும்பியது.

வெயிலுமுத்து. தலை கலைந்திருந்தது. ஒரு கன்னம் பூராவும் பாய் அச்சு.

ஜெபமலர் கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க போனிய?”

“தூங்கிட்டேன்.”

“அறிவிருக்கா உங்களுக்கு?” இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வைதாள். “இங்க ஒருத்தி என்ன பாடு படுதான்னு கொஞ்சமாச்சும்...”

 முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“உள்ள வாங்க. மணி ஆகுது.”

*

ஃபோனில் இடம் நிறைந்து அதுவாகவே நின்றிருந்தது. ஒரு மணி எட்டு நிமிடம்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் பிணம் குறட்டை விட்டது.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்க நேரமானது. அடங்கியதும் ஜெபமலர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“முழிச்சிருக்கது எது வரைக்கும்?”

அவர் ஓட்டினார். பத்தாவது நிமிடத்தில் நிறுத்தினார்.

“இங்க முழிச்சிருக்கேன். எறும்பு காதுப் பக்கம் எறங்குது. நெனவு இருக்கு.”

“குறட்டை விடும்போது?”

“அங்க நான் இல்ல.”

“நடுவுல ரெண்டு நிமிசம். அதுல எங்கயோ போயிருக்கிய. எங்க போனியளோ, அங்க வெட்டுங்க. படம் முடிஞ்சிரும்.”

வெயிலுமுத்து தேடத் தொடங்கினார்.

ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம். ஒவ்வொன்றாகத் தள்ளினார். அதே இமை. அதே உதடு. இந்தப் படத்தில் இருக்கிறார். அடுத்ததிலும் இருக்கிறார் என்றே பட்டது. அதற்கு அடுத்ததிலும்.

சலித்துப்போய்ப் பின்னாலிருந்து வந்தார். குறட்டை. அதற்கு முந்தின படம். இதில் இல்லை. அதற்கும் முந்தினதிலும் இல்லை.

முன்னாலிருந்து போனால் எப்போதும் இருந்தார். பின்னாலிருந்து வந்தால் எப்போதும் இல்லை.

இரண்டும் எங்கே முட்டுகிறது என்று குனிந்து பார்த்தார். மூக்கு திரையில் பட்டது. இரண்டு படங்களை அருகருகே வைத்தார். முடிக்கு முடி ஒன்றுபோல் இருந்தன.

மணி ஐந்து நாற்பத்தெட்டு.

“காணலையே, ஆசானே.”

“எது?”

“அது வந்த எடம்.”

ஜெபமலர் திரையில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு பாய் அச்சு இன்னும் போகாத முகத்தைப் பார்த்தாள்.

“போகும்போது வலிச்சுதா?” என்று கேட்டாள்.

வெயிலுமுத்து இல்லையென்று தலையை ஆட்டினார். 

பிறகு தேடாமல், கை போன இடத்தில் வெட்டினார்.