ஆசனத்தை விடாத சபை

வெண்பாறை நாட்டில் ராஜாவும் உண்டு, ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய சபையும் உண்டு. சபையில் இருந்தது ஒரே கட்சிதான், ஏர்க் கட்சி. ஒரே கட்சி என்றால் சண்டை இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கருங்கோட்டை அரசன் போர் தொடுத்தான். கரையோரத்தில் கைகலப்பு ஆரம்பித்த அன்றைக்கே ஏர்க் கட்சி இரண்டாக உடைந்தது. "வீட்டுக்கு ஒருவன் படைக்குப் போயே தீரவேண்டும்" என்றார் மழவராயர். "விருப்பம் இருப்பவன் போகட்டும், கட்டாயம் கூடாது" என்றார் சேதுராயர். ஆளுக்குப் பாதிப் பேர் பின்னால் போனார்கள். மழவராயர் ஆட்கள் அசல் ஏர்க் கட்சியாம், சேதுராயர் ஆட்கள் உண்மையான ஏர்க் கட்சியாம்.

பிறகு வந்தது பாருங்கள், வெளிநடப்பு. மழவராயர் வாயைத் திறந்தால் சேதுராயர் ஆட்கள் எழுந்து போவார்கள். சேதுராயர் தும்மினால் மழவராயர் ஆட்கள் போவார்கள். முதலில் வெளியே போகிறவர்களுக்குத்தான் பெருமை என்று ஆகிவிட்டது. கடைசியில் உள்ளே வராமலேயே வெளிநடப்புச் செய்தார்கள். வாசலுக்கு வலப்பக்கம் புளியமரத்தடியில் அசல், இடப்பக்கம் வேப்பமரத்தடியில் உண்மை. சபைக்குள் புறாக்கள் குடும்பம் நடத்தின.

ராஜா திருமாவேலர் தம் ஆலோசகன் நல்லாண்டானைக் கூப்பிட்டார். சிக்கல் என்று வந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்.

"நாளைக்குக் கருங்கோட்டைத் தூதர் வருகிறார். சமாதானம் பேச என்று பெயர். உண்மையில் நம் சண்டையைப் பார்க்கத்தான் வருகிறார். சபை காலியாகக் கிடந்தால் மறுநாளே அவர்கள் படை ஆற்றைத் தாண்டிவிடும்."

"உத்தரவு போட்டு உட்கார வையுங்களேன், மகாராஜா."

"போட்டேன். அதைக் கண்டித்து வெளிநடப்புச் செய்தார்கள்."

நல்லாண்டானுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் ஆற்றைத் தாண்டினால் முதலில் சிக்கும் ஊர் ஓடத்துறை. அவன் மகள் பொற்கொடி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நிறைமாதக் கர்ப்பிணி, வண்டியில் ஏற்றிக் கூட்டி வரவும் வழியில்லை.

"என்னிடம் விடுங்கள். வேறு ஓர் உத்தரவுக்கு மட்டும் முத்திரை வைத்துக் கொடுங்கள்" என்று ராஜாவின் காதில் ஏதோ சொன்னான். ராஜா தலையைச் சொறிந்துகொண்டே முத்திரை வைத்தார்.

விடிந்ததும் சபை வாசலில் தண்டோரா முழங்கியது. "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், ஆற்றுக் காவலுக்குப் படகு கட்டப் பலகை போதவில்லை. சபையில் ஆள் இல்லாத ஆசனங்கள் இன்று அறுத்து எடுக்கப்படும். அறுத்ததற்குப் பதில் வேறு ஆசனம் கிடையாது."

ரம்பத்தோடு தச்சர்கள் உள்ளே போனார்கள்.

"நல்ல காரியம். மழவராயர் ஆசனத்திலிருந்து ஆரம்பியுங்கள்" என்று வேப்பமரத்தடியிலிருந்து குரல் கொடுத்தார் சேதுராயர்.

"சேதுராயர் ஆசனம்தான் நல்ல தேக்கு, மிதக்கும்" என்றார் மழவராயர்.

தலைமைத் தச்சர் மருதையன் மரியாதை தெரிந்த மனுஷர். யார் மனமும் நோகக்கூடாது என்று இரண்டு ஆசனத்திலும் ஒரே நேரத்தில் ரம்பத்தை வைக்கச் சொன்னார். 'கர்ர்' என்று முதல் இழுப்பு. அந்தச் சத்தம் வெளியே கேட்டதுதான் தாமதம், மழவராயர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். சேதுராயர் ஒரு செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினார். பின்னாலேயே அத்தனை பேரும் விழுந்தடித்து உள்ளே வந்தார்கள். ஆசனங்களோ கட்சி உடையும் முன்பு போட்டவை. அதனால் அசலும் உண்மையும் தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டியதாயிற்று. தச்சர்கள் போய்விடவில்லை. தூண் ஓரமாக நின்று ரம்பத்துக்கு எண்ணெய் போட்டார்கள்.

தூதர் வந்தார். காலி சபையைப் பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஓர் இடம்கூடக் காலி இல்லை. அவரைப் பார்த்து ஒருவரும் எழுந்திருக்கவும் இல்லை.

தூதர் லேசுப்பட்டவர் அல்ல. ஜரிகைப் பொன்னாடை ஒன்றைப் பிரித்துக் காட்டினார். "எங்கள் அரசரின் அன்பளிப்பு. முதலில் எழுந்து வருகிறவருக்கு."

மழவராயர் எச்சில் விழுங்கினார். சேதுராயரின் முழங்கால் தானாக ஆடியது. இருவரும் ஓரக்கண்ணால் மருதையனைப் பார்த்தார்கள். அவர் ரம்பத்தின் பல்லை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அசையவில்லை.

"சேதுராயரே, உங்களோடு மட்டும் தனியாகப் பேசவேண்டும். வெளியே வருகிறீர்களா?" என்றார் தூதர்.

"எதுவானாலும் இங்கேயே பேசுங்கள். இவரை விட்டு நான் எங்கும் வருவதாக இல்லை" என்று மழவராயர் பக்கம் கையைக் காட்டினார் சேதுராயர்.

"நானும்தான்" என்றார் மழவராயர்.

தூதர் முகம் வெளுத்தது. "ரம்பத்தோடு நிற்பவர்கள் யார்?" என்று நல்லாண்டானிடம் கேட்டார்.

"படகு கட்டுகிறவர்கள், ஐயா."

"எத்தனை படகு?"

"அது சபையில் இருப்பவர்களைப் பொறுத்தது" என்றான் நல்லாண்டான். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

தூதர் அன்றைக்கே திரும்பிப் போனார். "மகாராஜா, பொன்னாடை கொடுத்தாலும் அவர்கள் உட்கார்ந்த பலகையை விட்டுத்தர மாட்டேன் என்கிறார்கள். மண்ணையா விட்டுத்தரப் போகிறார்கள்?" என்று தன் அரசனிடம் சொன்னார். சீக்கிரமே கருங்கோட்டைப் படை கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு ஒருவனா, விருப்பப்பட்டவனா என்ற கேள்விக்கே வேலை இல்லாமல் போனது.

அதன் பிறகும் சபையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மருதையனை எதற்கும் நம்ப முடியாது என்று சாப்பாட்டை ஆசனத்துக்கே வரவழைத்துச் சாப்பிட்டார்கள். அசலுக்கு உண்மை அப்பளம் எடுத்துக் கொடுத்ததைப் பலரும் பார்த்தார்கள்.

ஓடத்துறையிலிருந்தும் ஆள் வந்தது. பொற்கொடிக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. நல்லாண்டான் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லாண்டா, பொன் என்ன பொன், அதற்கும் மேலே தருகிறேன். சபையில் உனக்கே ஓர் ஆசனம்."

நல்லாண்டான் பதறிப்போய்க் கும்பிட்டான்.

"வேண்டாம் மகாராஜா. நாளைக்குப் பேரனைப் பார்க்கப் போகவேண்டும். அதில் உட்கார்ந்தால் அப்புறம் நான் எங்கே எழுந்திருப்பது?"