தலையாட்ட வேண்டியவர்

"என் பேத்தியை அனுப்பி விடுங்க டீச்சரம்மா. அவ படிச்சது போதும்."

மாடக்கண்ணு வகுப்பு வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

ஒரே அறை, ஒரே டீச்சர், இருபத்தோரு பிள்ளைகள். டீச்சர் செல்வநாயகிக்கு முப்பது வயது இருக்கும். மாடக்கண்ணுவுக்கு அறுபத்தாறு. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி.

"என்ன ஆச்சு ஐயா?"

"வெள்ளிக்கிழமைதோறும் வாதம் பண்ணச் சொல்லிக் கொடுக்கீங்களாமே. அதுல இவளுக்கு வாய் நீண்டு போச்சு."

"வீட்ல எதிர்த்துப் பேசினாளா?"

"பேசியிருந்தா ஒரு அதட்டு போட்டுட்டு விட்டிருப்பேன். இவ வெள்ளப்பாண்டி வீட்டுப் படி ஏறியிருக்கா!"

வெள்ளப்பாண்டி அவருடைய சித்தப்பா மகன். அடுத்த தெருதான். பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. எதிரே வந்தால் மாடக்கண்ணு காறித் துப்பிவிட்டுத்தான் நடப்பார். ஒரு நாளும் தவறியதில்லை. ஒரு கோபத்தைப் பதினோரு வருஷம் சூடு ஆறாமல் வைத்திருப்பது லேசான காரியமா? வைத்திருந்தவருக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

"'உங்க பக்கத்தைக் கேட்டுட்டேன் தாத்தா, அவங்க பக்கத்தையும் கேட்டுட்டு வந்தேன்'னு சொல்லுதா. நான் காதைப் பொத்திக்கிட்டேன். இதுக்கா பள்ளிக்கூடம்?"

டீச்சர் தன் நாற்காலியைத் தூக்கி வாசலோரம் போட்டாள்.

"இன்னைக்கும் வெள்ளிக்கிழமைதான். முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

உட்கார்ந்தார்.

மாடு வளர்ப்பது நல்லதா, ஆடு வளர்ப்பது நல்லதா என்று வாதம்.

நாலாம் வகுப்புக் கொம்பையா எழுந்தான். "மாடு பால் தரும், சாணி தரும். ஆடு சண்டை தரும். எங்க ஆடு பக்கத்து வீட்டு அகத்தியைத் தின்னுச்சு. ஏச்சு வாங்கினது எங்கப்பா."

பிள்ளைகள் சிரித்தார்கள். மாடக்கண்ணுவுக்கே உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

ஆட்டின் பக்கம் எழுந்தவள் ரெண்டாம் வகுப்பு வடிவு. திக்குவாய். இந்தப் பிள்ளை அவ்வளவுதான் என்று மாடக்கண்ணு நினைத்தார்.

"நீ... நீ சொன்னது. மா... மாடு பால் தரும். ஆடு அடுத்தவங்க செடியை மேயும். அதனால ச... சண்டை வரும். சரியா?"

கொம்பையா யோசித்தான். "சாணியை விட்டுட்டே."

"சா... சாணியும் தரும்."

அவன் தலையாட்டினான்.

"அவன் சொன்னதை இவ எதுக்குத் திருப்பிச் சொல்லுதா?" என்று மாடக்கண்ணு மெதுவாகக் கேட்டார்.

"இங்கே அதுதான் ஐயா சட்டம். அடுத்தவங்க சொன்னதை முதல்ல நாம சொல்லணும். சொன்னவங்க தலையாட்டணும். ஆட்டலைன்னா நாம பேச முடியாது."

"வேணும்னே ஆட்டாம இருந்தா?"

"இதுவரைக்கும் யாரும் இருந்ததில்லை."

வடிவு பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் இருபது பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் அவளுக்காகச் சொல்லை முடித்துக் கொடுக்கவில்லை.

"மா... மாட்டை இழுத்துப் பிடிக்க எங்க வீட்ல ஆள் இல்ல. ஆடுன்னா எங்கம்மா தனியாவே பா... பார்த்துக்குவா."

கொம்பையா எழுந்தான். "ஆள் இல்லாத வீட்டுக்கு ஆடுதான் தோது. சரியா?"

வடிவு தலையாட்டினாள்.

அவன் டீச்சர் பக்கம் திரும்பினான். "இதுக்கு என்கிட்ட பதில் இல்லை டீச்சர்."

மொத்த வகுப்பும் அவனுக்குக் கைதட்டியது.

மாடக்கண்ணு எத்தனையோ ஊர்க்கூட்டம் பார்த்தவர். துண்டை உதறிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறார். கம்பு எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறார். என்னிடம் பதில் இல்லை என்று நிமிர்ந்து நின்று சொன்ன ஒருவனை இன்றுதான் பார்க்கிறார். அவனுக்கு ஒன்பது வயது.

அவர் கால்கள் தாமாகவே செருப்பை விட்டு விலகின.

"உங்க வழக்கையும் இங்கே வைக்கலாம் ஐயா" என்றாள் டீச்சர்.

எழுந்தார். "என் மக கல்யாணத்துல வெள்ளப்பாண்டி கை நனைக்காமப் போனான். ஊரே பந்தியில உட்கார்ந்து பார்க்குது, இவன் பாட்டுக்குப் போறான்."

பேத்தி பொன்மாரி எழுந்தாள்.

"எங்கம்மா கல்யாணத்துல சின்னத்தாத்தா சாப்பிடாமப் போயிட்டாங்க. ஊரே பார்த்துச்சு. உங்களுக்கு அழுகை வந்துச்சு. சரியா தாத்தா?"

அழுகை என்று அவர் சொல்லவில்லை. பதினோரு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

தலையாட்டினார்.

"இப்போ சின்னத்தாத்தா பக்கம். வெத்தலை பாக்கோட நீங்க வீட்டுக்கு வந்து அழைப்பீங்கன்னு வாசலுக்கு வெள்ளையடிச்சுக் காத்திருந்தாங்க. நீங்க வரலை. பஸ் நிக்கிற இடத்துல பத்திரிகையை நீட்டினீங்க. அப்பவும் கல்யாணத்துக்கு வந்தாங்க. எங்கம்மாவுக்குத் திருநீறு பூசிட்டுத்தான் போனாங்க."

"ஒரு பத்திரிகைக்காகவா அவன்..."

பொன்மாரி தலை அசையவில்லை.

"எனக்கு ஆயிரம் வேலை. கல்யாண வீடுன்னா..."

"அது உங்க பக்கம் தாத்தா. அவங்க பக்கத்தைச் சொல்லுங்க."

வகுப்பு காத்திருந்தது. வடிவுக்குக் காத்திருந்த மாதிரியே.

"வீ... வீடு வந்து அழைப்பேன்னு காத்திருந்தான். நா... நான் வாசல் ஏறலை. அப்பவும் வந்து, பிள்ளைக்கு... திருநீறு பூசினான்."

துண்டால் முகத்தைத் துடைத்தார். "சரியாட்டி?"

"சரியாத்தான் சொன்னீங்க தாத்தா."

ஆனால் அவள் தலையை ஆட்டவில்லை.

"பிறகென்ன, ஆட்டேன்!"

"நான் ஆட்டினா செல்லாது. சொன்னவங்கதான் ஆட்டணும்."

துண்டைத் தோளில் போட்டார். பிறகு வாசலைத் தாண்டி இறங்கினார். செருப்பு நாற்காலியடியிலேயே கிடந்தது.

"ஐயா, பேத்தியைக் கூட்டிட்டுப் போகலையா?"

"அவ படிக்கட்டும்."

நாலடி போனவர் திரும்பினார்.

"ஏட்டி, முக்குக் கடையில இந்நேரம் வெத்தலை இருக்குமா?"