நாற்பது ஹெர்னியா

பேர்பெற்ற துறை என்று பூங்கோதை தேடி எடுத்த இடம் அது. அறுவை சிகிச்சை படித்த மூன்று வருடமும் அவள் பிடித்தது, வயிற்றை விரித்துவைக்கும் கொக்கியை மட்டும்தான். கத்தியைத் துறைத்தலைவர் சிங்காரவேலு யாருக்கும் கொடுத்ததில்லை.

தேர்வு நெருங்கியதும், செய்த அறுவைகளைப் பதியும் லாக் புக்கை மாணவர்கள் நடுவே அவளிடம் நீட்டினார். “நாற்பது ஹெர்னியா நீயே செஞ்சதா எழுதும்மா, கையெழுத்துப் போடறேன்.”

எழுதாவிட்டால் பட்டமில்லை. எழுதினாள்.

“சார், உங்க ஹெர்னியாவுக்கும் தேதி பாக்கறீங்களாமே. நானே செஞ்சிடட்டுமா? நாற்பது செஞ்ச கை.”

“ஐயோ, நீ கத்தியே பிடிச்சதில்லையேம்மா!” என்று அலறிவிட்டார். மாணவர்கள் தலைகுனிந்து சிரித்தார்கள். அவர் முகம் கறுத்து, அவசரமாகக் கையெழுத்திட்டார்.

இரண்டு மாதம் கழித்து, அவள் வேலைக்குச் சேர்ந்த தாலுகா ஆஸ்பத்திரியில், ஹெர்னியா அறுவைக்காக மேசையில் படுத்திருந்த நெசவாளி ஒருவர் அவளைக் கும்பிட்டார்.

“நீங்க இருக்கீங்க டாக்டரம்மா, எனக்கென்ன பயம்?”