மகாராஜாவின் சீயக்காய்த் தண்ணீர்

“அவன் குளித்த தண்ணீர் என் மேல் பட்டுவிட்டது! ஐயோ, அவன் குளித்த தண்ணீர் என் மேல் பட்டுவிட்டது!”

ஈரத் துண்டோடு சபைக்கு வந்து இப்படிக் கத்தியது சின்னப் பிள்ளை இல்லை. ஒரு காலத்தில் கழிமங்கலத்தை ஆண்ட மகாராஜா குமணவேலர். ஆறு கடலில் கலக்கும் அகன்ற முகத்துவாரத்தில் இந்தக் கரை அவருடையது, அந்தக் கரை புன்னைநாட்டு ராஜாவுடையது. அந்த ராஜாவின் படித்துறை சற்று மேலே. தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது இவர் துறைக்கு வராமல் வேறு எங்கே போகும்?

“போர்தான் வழி!” என்றார் சேனாதிபதி விருபாட்சர். அமைச்சர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருப்பவர். “இன்றே படகுகளை இறக்குவோம்!”

அமைச்சர் நாகம்மை சட்டென்று எழுந்தாள். அக்கரையில் வாழ்க்கைப்பட்ட மகள் தலைப்பிரசவத்துக்கு இன்றுதான் வருகிறாள். போர் என்றால் ஓடம் ஏது? குளித்த தண்ணீருக்கு ஒரு போர், கர்மம்!

“எது அவர்கள் தண்ணீர் என்றே தெரியாமல் எப்படிச் சண்டை போடுவது, அரசே?”

“ஒரு வாய் குடித்தால் சொல்லிவிடுவேன்,” என்றார் விருபாட்சர். “அம்மாவுக்கு அடுப்படி நாக்கு. எனக்குப் போர்க்கள நாக்கு!”

நாகம்மை ஓடக்காரனிடம் ஏதோ சொல்லி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு செம்புகள் வந்தன. முதல் செம்பைச் சிரித்த முகத்தோடு நீட்டினாள். இரண்டாவதை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

சேனாதிபதியின் நாக்குக்கு என்ன தெரியும்? அந்த மூக்கைத்தான் பார்த்தார். முதல் செம்பு, “ஆகா, அமிர்தம்! நம் தண்ணீர்.” இரண்டாவது, “தூ! புன்னைநாட்டான் ஊத்தை!” துப்பியது மகாராஜாவின் காலடியில்.

“அமிர்தம் என்றீர்களே, அது அக்கரைத் துறையில் மொண்டது,” என்றாள் நாகம்மை. “துப்பினீர்களே, அது நம் மகாராஜா சற்றுமுன் குளித்த துறையில் மொண்டது. சீயக்காய்கூட மிதக்கிறது பாருங்கள்.”

மகாராஜாவின் மீசை துடித்தது. “என் அழுக்கு அவ்வளவு கேவலமா?”

“அதை விடுங்கள், அரசே. சாயங்காலம் கடல் ஏறினால் தண்ணீர் மேலே போகிறதல்லவா? உங்கள் சீயக்காய் அவர் தலையில்தானே போய் விழுகிறது? அவர் என்றாவது வாயைத் திறந்தாரா?”

“என் சீயக்காயா? அவன் தலையிலா? தினமுமா?”

மகாராஜா சிரித்த சிரிப்பில் துண்டு நழுவப் பார்த்தது. போர் போயிற்று. நாகம்மையின் மகளை அழைத்துவர அரண்மனைப் படகே கிளம்பியது.

“விருபாட்சரே, நீர் முகத்துவாரத்தின் நடுவில் போய் நில்லும். என் தண்ணீர் ஒழுங்காக அவனுக்குப் போய்ச் சேருகிறதா என்று குடித்துப் பார்த்துச் சொல்லும்!”

சாயங்காலம் கடல் ஏறியது. படகில் நாகம்மை மகளின் வீங்கிய காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். துடுப்புக்காரன் வானத்தைப் பார்த்தபடி துடுப்புப் போட்டான். வழியில், கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு கை உயர்ந்தது.

“அமைச்சரம்மா! வாயெல்லாம் கரிக்கிறது... ஒரு வாய் மோர் கொடுங்களேன்! அம்மா!”