வேங்கையைக் கொன்ற இறகு

பாளையக்காரர் சிங்கம நாயக்கர் விட்ட அம்பு குறி தப்பினால், அது அம்புக்கு இறகு கட்டும் வேலாண்டியின் தலையில்தான் வந்து விடியும்.

"இறகு நீளம், வெட்டு" என்பார். வெட்டிக் கொடுத்தால், "குட்டையாக்கிக் கெடுத்துட்டியே" என்பார். கழுகிறகு வேண்டாம், மயிலிறகு கட்டு என்பார். ஒட்டிய பசை காய்வதற்குள் அதுவும் பிடிக்காமல் போகும். வேலாண்டிக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது.

விஜயதசமியன்று ஊரே கூடியிருக்க, நாயக்கர் வாழைமரத்தில் அம்பு போட்டார். அம்பு மரத்தைத் தாண்டி வைக்கோல்போரில் போய்க் குத்தியது.

"என் கையில ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் இவன் கட்டின இறகோட வேலை. இவனுக்குக் கசையடி கொடுங்கடா!"

வேலாண்டி கும்பிட்டான். "வாங்கிக்கிறேன் சாமி. ஆனா, அம்பு போற இடத்துக்கு இறகுதான் பொறுப்புன்னா, போன வருசம் வேங்கையைக் கொன்னதும் என் இறகுதானே? அதுக்காக நீங்க போட்டிருக்கிற தங்கக் காப்பைக் கழட்டிக் கொடுங்க. அதைப் போட்டுக்கிட்டே அடி வாங்கிக்கிறேன்."

நாயக்கர் சட்டென்று காப்பை மறுகையால் பொத்திக்கொண்டார்.

"இறகெல்லாம் நல்லாத்தாண்டா இருக்கு. இன்னைக்குக் காத்துதான் சரியில்ல."

பந்தலில் மாவிலைத் தோரணம் ஆடாமல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.